முகூர்த்தத்துக்கு எந்தக் காமிரா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் சமையல்காரர், மேளக்காரருக்கு அடுத்தபடியாகத் தேடப்படுபவர் வீடியோக்காரர். அவரிடம் தொகை எவ்வளவு, ஆல்பம் எத்தனை என்றெல்லாம் விசாரிக்கும் பெண் வீட்டார், எந்தக் காமிராவில் எடுக்கப் போகிறார் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதுதான்.

காம்கார்டர் வீடியோவுக்கென்றே செய்யப்பட்டது. டி.எஸ்.எல்.ஆர். அப்படியல்ல, அடிப்படையில் அது புகைப்படக் காமிரா. 2008-ல் வந்த நிக்கான் டி90-ல்தான் அதற்கு வீடியோ வசதி முதன்முதலாகக் கிடைத்தது. அதே ஆண்டு வந்த கேனான் 5டி மார்க் 2-ல் ஒளியை வாங்கும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். சாதாரண காம்கார்டரில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சென்சார் பெரிதாக இருந்தால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். மணப்பெண்ணின் முகம் துலங்கும்; பின்னால் உள்ள கூட்டம் மங்கிவிடும்.

இந்த அழகுக்கு சினிமாக்காரர்களும் மயங்கினர். ராம் கோபால் வர்மா 2011-ல் 'தொங்கல முட்டா' தெலுங்குப் படத்தை கேனான் 5டி காமிராக்களில் ஐந்தே நாளில் எடுத்தார். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) கேனான் 7டி-யில் எடுக்கப்பட்டது.

சினிமாவில் சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம். புரோகிதரிடம் போய் இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா? 5டி மார்க் 2 ஒரே மூச்சில் சுமார் 12 நிமிடம்தான் எடுக்கும். பதிவு 4 ஜிகாபைட்டைத் தொட்டதும் நின்றுவிடும். பின்னர் வந்தவற்றில் பல 29 நிமிடம் 59 விநாடியில் நின்றன. அரை மணி நேரம் தொடர்ந்து எடுத்தால் வீடியோ காமிரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி விதித்ததே இதற்கு முக்கிய காரணம். அங்கே போட்ட வரி இங்கே மணமேடையில் வந்து குறுக்கே நின்றது வேடிக்கைதான்!

இந்த ஊர்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. தமிழர் வீட்டில் முகூர்த்தம் என்றால் தாலி கட்டும் நேரம். தெலுங்கர் வீட்டிலோ மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கும் நேரமே முகூர்த்தம். தாலி அதற்குப் பிறகு. இது தெரியாமல் தாலிக்காகக் காமிராவை நிறுத்தி வைத்திருப்பவர் முகூர்த்தத்தையே கோட்டை விடுவார். காம்கார்டரை முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டால் இந்தக் கவலையில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் லென்சை மாற்றாமல் மேடையை நெருக்கிக் காட்டும். பெரிய காம்கார்டர்களில் மைக் கம்பியை நேராகச் செருகலாம். கெட்டிமேளத்தில் மந்திரம் அமுங்காது.

இப்போதைய மிரர்லெஸ் காமிராக்கள் பலவற்றில் அரை மணிக் கெடு இல்லை. ஆனால் வைகாசி வெயிலில், ஏ.சி. இல்லாத மண்டபத்தில் சூடேறினால் அவற்றில் சில தாமே அணைந்துவிடுகின்றன.

கையில் காசு இருந்தால் இரண்டையும் வைப்பது உத்தமம். ஒன்றுதான் முடியும் என்றால், அழகு கொஞ்சம் குறைந்தாலும், நிற்காமல் ஓடும் காமிராவையே கேட்டு வாங்குங்கள். மாற்று பாட்டரி இருக்கிறதா என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.