காஞ்சிபுரம் கிளிக்கு மொரீஷியஸில் ஒரு சொந்தக்காரன்!

காஞ்சிபுரத்துக்கும் கிளிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. காமாட்சி அம்மன் கையில் கரும்பு வில், மலர்க்கொத்து... பக்கத்திலேயே ஒரு கிளி. பட்டுக் கடைக்குப் போனால் கிளிப்பச்சை கலரில் ஒன்று, பார்டர் முழுக்கக் கிளி போட்ட இன்னொன்று என்று புடவைகள் குவியும். (பர்ஸைப் பிடித்துக் கொள்ள வேண்டியது கணவர் பொறுப்பு!)

நிஜக் கிளி? ஜோசியப் பெட்டிக்குள் சீட்டு எடுத்துக் கொண்டிருக்கும். தனக்கு எப்போ விடுதலைன்னு அதுக்கே தெரியாது... அதுகிட்டே போய் 'ப்ரமோஷன் வருமா?' என்று கேட்கிறோம்!

பச்சைக்கிளி பெரும்பாலும் தானாகப் பொந்து குடையாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து, பட்டுப்போன மரத்தின் ஓட்டை, கோபுர இடுக்கு என்று ஏதாவது ஒன்றில் வாடகை தராமல் குடித்தனம். அந்தப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகள்தான் கூண்டுக்கு வருகின்றன. மரத்தை வெட்டினால் வீடு போச்சு. குஞ்சைத் திருடினால் வாரிசு போச்சு.

'நாட்டுல கிளிக்கா பஞ்சம்?' என்கிறீர்களா? தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய கிளி, உலக அளவில் 'அபாயத்தை நெருங்கும்' பட்டியலில் ஏற்கெனவே சேர்ந்தாச்சு. இன்னும் பயங்கரம் மொரீஷியஸில் நடந்தது.

ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள தீவு அது. நம்ம பச்சைக்கிளிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு கிளி அங்கே உண்டு. காட்டை அழித்தார்கள். எலியும் குரங்கும் முட்டை, குஞ்சுகளைத் தின்றன. போதாததற்கு, வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த நம்ம இனத்துக் கிளிகளும் பொந்துக்குப் போட்டி! 1980-களில் மிச்சம் இருந்தவை சுமார் பத்துதான்.

கார்ல் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் களத்தில் இறங்கினார்கள். மரத்தில் பெட்டிக் கூடுகள் மாட்டினார்கள். இரை போதாமல் சாகக் கிடந்த கடைக்குட்டிக் குஞ்சுகளை எடுத்து, கையால் ஊட்டி வளர்த்தார்கள். கூண்டில் ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து, பிறகு காட்டில் விட்டார்கள். இன்று அந்தக் கிளிகள் பல நூறு. ஆனால், அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் உழைப்பு!

நமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். இருப்பதைப் பறக்க விட்டால் போதும்.

இதற்குச் சட்டமும் இருக்கு. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். மூன்று வருடம் வரை ஜெயில், 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ('ஆசைக்கு ஒண்ணுதான் சார்' என்பது கோர்ட்டில் எடுபடாது!)

'இதோ, கூண்டைத் திறந்துட்டேன்' என்று அவசரப்படாதீர்கள். இறக்கை வெட்டிய கிளியால் பறக்க முடியாது. இரை தேடவும் தெரியாது. பூனைக்குப் பார்சல் கட்டின மாதிரி ஆகிவிடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே நல்லது.

அப்புறம், மொட்டை மரம்தானே என்று கோடாலியை எடுக்கும் முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். தை, மாசி மாதமென்றால், பொந்துக்குள்ளிருந்து ஒரு சிவப்பு மூக்கு உங்களை எட்டிப் பார்க்கலாம்.