அலுவலக வாரத்துக்குள் ஒரு மாரத்தான்

மாரத்தான் எனப்படும் 42.195 கிலோமீட்டர் ஓட்டத்துக்கோ அதில் பாதியான அரை மாரத்தானுக்கோ ஆயத்தமாக விரும்பும் பலர், காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் தமது வாழ்க்கையில் அதற்கு நேரமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகின்றனர். தொழில்முறை வீரர்கள் நாளுக்கு இருமுறை ஓடுகிறார்கள், அவ்வாறு ஓட முடியாதவர்கள் முயன்று பயனில்லை என்ற எண்ணமே பெரும்பாலும் இம்முடிவுக்குக் காரணமாகிறது. இவ்வெண்ணம் தவறானது என்பதற்கு உலகின் மிகப் பழமையான போட்டிகளுள் ஒன்றான பாஸ்டன் மாரத்தானே சான்று.

ஜப்பானின் முன்னணி ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் பெருநிறுவனங்கள் நடத்தும் அணிகளில் ஊதியம் பெற்றுக்கொண்டு, பயிற்சியையே முதன்மைப் பணியாகக் கொண்டவர்கள். யூகி கவாவுச்சியோ சைத்தாமா மாகாண அரசின் ஊழியராக, உயர்நிலைப் பள்ளி அலுவலகம் ஒன்றில், நண்பகலுக்குப் பின் தொடங்கி இரவு ஒன்பது மணிக்கு மேல் முடியும் முழுநேர வேலையைப் பார்த்துக்கொண்டே, 2018 ஏப்ரலில் கொட்டும் குளிர்மழைக்கும் எதிர்காற்றுக்கும் நடுவே 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் ஓடி பாஸ்டனில் வென்றார். அன்று பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த அமெரிக்கரான சாரா செல்லர்ஸும் மருத்துவமனையில் மயக்கமருந்துச் செவிலியராக முழுநேரம் பணியாற்றியவர். அதிகாலை நான்கு மணிக்கோ, வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கோ ஓடிப் பயின்றவர்.

கவாவுச்சியின் பயிற்சி வாரம் எளிமையானது. பள்ளிப் பருவத்தில் நாள்தோறும் கடுமையாகப் பயின்று அடிக்கடி காயமுற்ற அவர், பல்கலைக்கழகத்தில் கடும்பயிற்சியை வாரத்துக்கு இருமுறையாகக் குறைத்துக்கொண்ட பின்னரே முன்னேறினார். வேலைக்குச் சேர்ந்த பின்னும் அம்முறையையே பின்பற்றி, நாளுக்கு ஒரே ஒரு முறை, காலையில் ஓடினார். புதன்கிழமை வேகப் பயிற்சி, வார இறுதியில் நீண்ட ஓட்டம் அல்லது ஏதேனும் ஒரு போட்டி, எஞ்சிய நாட்களில் மெதுவோட்டம் என்பதே அவரது அட்டவணை. அரசு ஊழியராக இருந்தபோது அவர் எட்டிய சிறந்த நேரம் 2:08:14. 2019இல் பணியை விட்டு முழுநேர வீரரான பின் 2021இல் எட்டியது 2:07:27. இடைவெளி 47 விநாடிகளே.

மெதுவோட்டத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பதன் காரணத்தை உடலியல் விளக்குகிறது. மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே மெதுவோட்டம் எனப்படுகிறது. இந்த வேகத்தில் பல வாரங்கள் தொடர்ந்து ஓடும்போது, தசைகளுக்குக் குருதியைக் கொண்டுசேர்க்கும் நுண்குழாய்கள் பெருகுவதோடு, தசை உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகி, உடல் கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாவுப்பொருளான கிளைகோஜன் முழு மாரத்தானுக்கும் போதுமானதன்று என்பதால் இத்திறன் இன்றியமையாதது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தையோ அதையொட்டிய வேகத்தையோ இருபது முப்பது நிமிடம் பேணும் டெம்போ ஓட்டம், களைப்பின்றி ஓடக்கூடிய வேகத்தின் எல்லையை உயர்த்துகிறது. ஆனால் அதன் பலன் அடுத்து வரும் ஓய்விலேயே விளைவதால், அதை நாள்தோறும் செய்பவருக்குக் களைப்புத்தான் மிஞ்சும். புதியவர்கள் எல்லா ஓட்டங்களையும் நடுத்தர வேகத்தில் ஓடி இரண்டு பலன்களையும் இழப்பதே மிகப் பரவலான பிழை.

எனவே வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு, செவ்வாயன்று டெம்போ ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம், இடையே ஓரிரு நாட்களில் நாற்பது நிமிட மெதுவோட்டம் என்ற அமைப்பு அரை மாரத்தானுக்குத் தாராளமாகவும், சற்று நீட்டித்தால் மாரத்தானுக்கும் போதுமானது. தவறிய பயிற்சியை மறுநாள் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயலக் கூடாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும் நிலையில், எலும்புகளும் தசைநாண்களும் பழக மாதங்கள் ஆகும் என்பதால், திடீரென்று கூடும் சுமை அவற்றையே முதலில் தாக்குகிறது. தூக்கமும் இவ்வட்டவணையின் ஓர் அங்கம். நள்ளிரவு வரை அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு நான்கரை மணிக்கு எழுந்து ஓடுபவரைவிட, அன்று ஓடாமல் தூங்குபவரே நல்ல பயிற்சி எடுத்தவர்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. விடியலுக்கு முன் வெப்பம் தணிந்திருந்தாலும் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு, மூச்சின் அளவைக் கொண்டு ஓடுவதே அறிவுடைமை.

தனியே நேரம் ஒதுக்க இயலாதவர்களுக்கு இங்கிலாந்தின் ரான் ஹில் காட்டிய வழி இன்றும் பொருந்தும். துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஆய்வு வேதியியலாளராகப் பணிபுரிந்த அவர், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் ஓடியே போய்வந்தார். அப்பயிற்சியைக் கொண்டே 1970இல் பாஸ்டன் மாரத்தானையும், அதே ஆண்டில் எடின்பரோவில் காமன்வெல்த் மாரத்தானையும் வென்றார். பேருந்திலும் ரயிலிலும் செலவாகும் நேரம் அவருக்குப் பயிற்சி நேரமாயிற்று. நம் ஊர்களிலும், வாரம் முழுமைக்குமான உடைகளைத் திங்களன்றே அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மாலையில் திரும்பும் வழியில் பாதித் தூரத்தை மட்டுமாவது ஓடிக் கடக்கலாம்.

ஆனால் இதற்குத் தனி மனிதரின் உறுதி மட்டும் போதாது. கடைகள் ஆக்கிரமித்த நடைபாதைகளிலும், விளக்கெரியாத தெருக்களிலும் ஓடுவது எவருக்கும் கடினம். விடியலுக்கு முன் தனியே ஓட அஞ்சும் பெண்களுக்கு அந்நேரமே இல்லாமற்போகிறது. மாநகராட்சிகள் நடைபாதைகளை மீட்டு விளக்குகளை எரியச் செய்ய வேண்டும். ஊழியர் நலனைப் பேசும் நிறுவனங்கள், அலுவலகத்தில் ஒரு குளியலறையையும் உடை வைக்கப் பூட்டுள்ள சிறு அலமாரிகளையும் அமைத்துத் தர வேண்டும்.