ஒரே பஸ்ஸில் போனார்கள்

கோடை வந்தால் குளத்துக்குப் போகணும் என்று குழந்தைகள் அடம் பிடிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே! "நீ தண்ணீரில் இறங்கக் கூடாது" என்று யாராவது விரட்டினால் பெற்ற வயிறு எப்படித் துடிக்கும்?

ஆஸ்திரேலியாவில் மோரி என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. பள்ளி நேரம் தவிர, பழங்குடிக் குழந்தைகளுக்கு ஊர் நீச்சல் குளத்தில் இடமில்லை.

1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவ மாணவிகள் சுமார் 30 பேர் பஸ்ஸில் கிளம்பினார்கள். பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். தலைவர் சார்லஸ் பெர்கின்ஸ், பழங்குடி மாணவர். வால்கெட் ஊரில், யுத்தத்துக்குப் போய்வந்த பழங்குடி வீரர்களைக்கூட முன்னாள் ராணுவத்தினர் கிளப்பில் சேர்க்கவில்லை. அதன் வாசலிலேயே நின்று நியாயம் கேட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்பியதும் ஒரு லாரி பஸ்ஸைச் சாலையை விட்டே இறக்கிவிட்டது.

பயந்து வீட்டுக்கு ஓடினார்களா? இல்லையே! மோரிக்குப் போய், குழந்தைகளை அழைத்துக்கொண்டு குளத்து வாசலில் நின்றார்கள். முட்டையும் தக்காளியும் மேலே வந்து விழுந்தன. நகரவில்லை. கடைசியில் நகரசபை இறங்கி வந்தது.

1967 வாக்கெடுப்பில், பழங்குடியினரையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க 100க்கு 90 பேர் சம்மதித்தார்கள்.

சகோதரிகளே, தூரத்தில் நின்று 'ஐயோ பாவம்' என்பது சுலபம். பக்கத்தில் நின்று அந்த முட்டையடியைத் தானும் வாங்கிக்கொண்டார்களே, அதுதான் சிநேகம். நம் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு இதையும் சொல்லிக் கொடுப்போமே!