பொதுக் களஞ்சியம், தனித்தனி உரிமை

மைசூருவிலுள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவில் பல மொழிக் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஒருங்கே பாதுகாக்கப்பட்டு வந்தன. அவற்றுள் தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது.

தாளில் உள்ளதைப் பிரிக்க இடமாற்றம் வேண்டும். கணினித் தரவுகளை இருந்த இடத்திலேயே பிரிக்கலாம். பல வட்டுகளை இணைத்த பொதுச் சேமிப்பகத்தைப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் உரிய துறையின் சர்வர் மட்டுமே காணுமாறு அமைப்பர். இரு துறைகளின் சர்வர்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பகுதியில் எழுதினால் பதிவுகள் சிதையும். அளவு வரம்பு இல்லையெனில் ஒரு துறையே இடமனைத்தையும் நிரப்பிவிடும்.

எனினும், சேமிப்பகமே பழுதுற்றால் எல்லாத் துறைகளும் முடங்கும். ஆகவே ஒவ்வொரு துறைக்கும் வேறிடத்தில் காப்புப்படி இருத்தல் இன்றியமையாதது.