பின்பாரம்

மாட்டு வண்டியில் ஏறியவர்களுக்கு வண்டிக்காரரின் அந்த அதட்டல் நினைவிருக்கும்: "பின்னால தொங்காதீங்க, முன்னால தள்ளி உக்காருங்க." பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் ஏர்க்கால் மேலே தூக்கும். நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்ப, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அளவுக்கு மீறி முன்னால் வந்தாலோ மாட்டின் கழுத்து புண்ணாகும். அதனால்தான் வண்டி கட்டும் முன் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பார்கள்.

இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச், ஸ்னெட்டர்டன், டோனிங்டன் பார்க் போன்ற பந்தயப் பாதைகளுக்கு விடியற்காலையில் தங்கள் காரை டிரெய்லரில் ஏற்றி இழுத்துவருகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். போடாதவர்களும் இருக்கிறார்கள், நெடுஞ்சாலையில் அவர்களுக்கு முன்னால் போகவும் கூடாது, பின்னால் போகவும் கூடாது.

'டிராக் டே' என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு கிடையாது, முந்தியவர் யார் என்ற கணக்கும் கிடையாது. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் இது நடப்பதுண்டு. அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் பந்தய டயர் மாட்டி, இருக்கைகளைக் கழற்றி, சாலையில் ஓட்டும் தகுதியையே இழந்துவிட்ட கார்கள் உண்டு. அதைவிட முக்கியம், மதியம் இரண்டு மணிக்கு கியர்பாக்ஸ் உடைந்தால் வீடு திரும்ப வழி வேண்டும்.

டிரெய்லர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "என் வண்டி எத்தனை கிலோ இழுக்கும்?" என்றுதான். தேவையான கேள்வி, ஆனால் சுலபமான கேள்வி. விடை வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 1000 கிலோ. அதைச் சுமக்கும் திறந்த டிரெய்லர் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், சாமான்களுடன் 1700 கிலோவை நெருங்கும். பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் 3500 கிலோ வரையிலான டிரெய்லரைத் தனித் தேர்வு இல்லாமலே இழுக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லருக்கோ 750 கிலோதான் உச்சம். இழுக்கும் காரின் எடையில் பாதி அதைவிடக் குறைவென்றால் அதுவே உச்சம். இறகுபோல லேசான கேட்டரம் செவன் காரையே டிரெய்லரில் ஏற்றினால் இந்த வரம்பு தாண்டிவிடும். ஆகவே கார் சுமக்கும் டிரெய்லர் என்றாலே பிரேக் உள்ள டிரெய்லர்தான்.

இழுக்க முடிவது ஒன்று, இழுத்தபடி நேராகப் போக முடிவது இன்னொன்று. இரண்டாவதைக் கையேடு சொல்லாது.

டிரெய்லர் ஒரு புள்ளியில் மட்டும் காருடன் இணைந்திருக்கிறது. அந்தப் புள்ளியில் இருக்கும் கொக்கிப் பந்தைச் சுற்றி அது இடவலமாக ஆடலாம். கிட்டத்தட்ட படுக்கவைத்த ஊசல். பக்கத்தில் ஒரு லாரி கடந்து போனால், அது தள்ளும் காற்றில் டிரெய்லரின் வால் சற்றே விலகும். விலகியதை மீண்டும் நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது டயர்கள். டயர் பார்க்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் விழுந்தால், அந்தக் கோணத்துக்குத் தக்கபடி பக்கவாட்டு விசை பிறக்கும். டிரெய்லரை நேராக்குவதும் இந்த விசைதான், ஆட்டத்தைத் தணிப்பதும் இதுதான்.

வேகம் கூடும்போது இந்த இரண்டாவது வேலைதான் கெட்டுப்போகிறது. டிரெய்லரின் சக்கரங்கள் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 30 மைலில், அதாவது நொடிக்கு 13.4 மீட்டரில் போனால், அந்த நகர்வால் டயரில் விழும் கோணம் சுமார் 2 டிகிரி. 60 மைலில் அதே நகர்வுக்கு 1 டிகிரிதான். கோணம் பாதியானால் தணிக்கும் விசையும் பாதி. நேராக்கும் விசை அப்படியே இருக்க, தணிக்கும் விசை மட்டும் மெலிகிறது. ஊஞ்சலைத் தள்ளிவிட்டு நிறுத்த மறந்த கதை. ஒரு கட்டத்துக்கு மேல், ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். வாலின் ஆட்டம் காரின் பின்புறத்தைத் தள்ள, கார் திரும்பி டிரெய்லரை இன்னும் ஆட்டிவிடும். அந்தக் கட்டத்துக்கு உரியதுதான் மாறுநிலை வேகம். ஒவ்வொரு கார்-டிரெய்லர் இணைக்கும் அது வேறு. 55 மைலில் சாதுவாகப் போனது 60-ல் பேயாட்டம் போடுவது இதனால்தான். ஓட்டுநர் எதையும் தவறாகச் செய்திருக்க வேண்டியதில்லை.

அந்த வேகத்தை உயர்த்தி வைப்பதில் பெரும்பங்கு எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான். அம்பை நினைத்துப் பாருங்கள். முனையில் கனம், பின்னால் இறகு. காற்று பின்புறத்தைப் பிடித்து இழுப்பதால் அம்பு நேராகப் பறக்கிறது. இறகை முன்னால் ஒட்டினால் குட்டிக்கரணம் போடும். டிரெய்லருக்கு இறகு அதன் டயர்கள். எடைமையம் அச்சுக்கு முன்னால் இருக்கும்வரை டயர்கள் அதைப் பின்னாலிருந்து பிடித்து வைத்திருக்கும். பின்னால் போய்விட்டால், எடை டயர்களை முந்திக்கொண்டு போகத் துடிக்கும். போதாக்குறைக்குக் கொக்கி மேல்நோக்கித் தூக்கி, காரின் பின் சக்கரங்களின் பிடிப்பையும் பறிக்கும். மாட்டின் தொண்டையை இறுக்கிய அதே பின்பாரம்.

கொக்கியின் மேல் அழுந்தும் எடையை பிரிட்டனில் 'மூக்கு எடை' என்கிறார்கள். நமக்கு முன்பாரம் என்ற நல்ல சொல் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரம் இருக்கட்டும் என்பது அங்கே வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம். கூட்டினால் நல்லது என்று கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. பல கார்களின் கொக்கி 75 அல்லது 100 கிலோவுக்கு மேல் தாங்காது. தாங்கினாலும் காரின் மூக்கு எழும்பி, ஸ்டியரிங் லேசாகி, முகப்பு விளக்கு எதிரில் வருபவரின் கண்ணைக் குத்தும்.

இந்தச் சதவீதத்தைக் கையில் பிடிக்க எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதுதான் பலர் அறியாதது. கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சுவரை 4 மீட்டர் என்போம். 1000 கிலோ காரை 10 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்கும் குறைவாக முன்னால் உருட்டினால் முன்பாரம் 25 கிலோ கூடும். அரைச் சாணில் 25 கிலோ! அதனால் டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது படுக்கையின் நீளத்தைக் கவனியுங்கள். கார் அடங்குகிற நீளம் போதாது. காரை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் பார்க்க இடம் மிச்சம் வேண்டும். போர்ஷே 911 வைத்திருப்பவருக்கு இது இன்னும் அவசியம். எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின் சக்கரங்களில் நிற்கும். படுக்கை குட்டையாக இருந்தால் காரைப் பின்னோக்கித்தான் ஏற்றவேண்டி வரும்.

முன்பாரம் சரியாக வந்துவிட்டது என்று மாற்றுச் சக்கரங்களை வாலில் இரண்டும் மூக்கில் இரண்டுமாகப் பரப்பிவைத்தாலும் தவறு. தராசு சமன் காட்டும், ஆட்டம் அடங்காது. சுழலும் பொருளில் எடையின் முரண்டு, தொலைவின் வர்க்கத்தோடு வளரும். அச்சிலிருந்து 1 மீட்டரில் இருந்த சக்கரத்தை 2.5 மீட்டருக்குத் தள்ளினால், ஆடத் தொடங்கியபின் அதை அடக்குவது ஆறு மடங்குக்கு மேல் கடினம். கனமான சாமான் எல்லாம் அச்சை ஒட்டி, தாழ்வாக இருக்கட்டும்; அதைவிட உத்தமம், இழுக்கும் வண்டிக்குள்ளேயே போகட்டும்.

ஒற்றை அச்சா, இரட்டை அச்சா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒற்றை அச்சு டிரெய்லர் லேசு, மலிவு, கையாலேயே திருப்பிச் சந்துக்குள் நிறுத்தலாம். ஆனால் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு ஜோடி டயர்கள் ஒன்றையொன்று மறுத்து நிற்பதால் டிரெய்லர் சுழல்வதை இன்னும் கடுமையாக எதிர்க்கின்றன. ஒரு டயர் வெடித்தாலும் மற்றது தாங்குகிறது. முழுக் கார் ஏற்றுவதென்றால் இரட்டை அச்சுதான். அதைக் கையால் தள்ளித் திருப்ப முயன்றால் இடுப்பு போகும் என்பது அதன் விலை.

மூடிய டிரெய்லரில் கார் மழையில் நனையாது, திருடன் கண்ணில் படாது, உள்ளேயே பட்டறை வைக்கலாம். ஆசை யாருக்கும் வரும். ஆனால் அது நெடுஞ்சாலையில் நட்ட பாய்மரம். எடையும் நூற்றுக்கணக்கான கிலோ கூடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 50 மைலிலிருந்து 60-க்குப் போனாலே எதிர்ப்பு 44 சதவீதம் அதிகம். ஆண்டில் ஐந்தாறு தடவை போகிறவர் திறந்த டிரெய்லரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காரை மேலே ஏற்றுவது பள்ளிக்கூடக் கணக்கு. படுக்கை அரை மீட்டர் உயரம், ஏற்றும் பலகை 1.5 மீட்டர் நீளம் என்றால் சாய்வு 19 டிகிரிக்கு மேல். தரையை உரசும் மூக்குள்ள காரின் பம்பர் முதல் நாளே போய்விடும். 2.4 மீட்டர் பலகையில் அது 12 டிகிரியாகும். படுக்கையே சாயும் வகையில் இன்னும் குறையும்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. இறக்கத்தில் மாடு தயங்கினால் வண்டி அதன் முதுகை முட்டும். ஐரோப்பிய டிரெய்லர்கள் அந்த முட்டலையே பிரேக்காக மாற்றிக்கொள்கின்றன. கார் வேகம் குறைய, டிரெய்லர் முன்னால் தள்ள, கொக்கித் தண்டு உள்ளே அழுந்தி, ஒரு நெம்புகோல் வழியாகக் கம்பிகளை இழுத்துச் சக்கரங்களைப் பிடிக்கும். மின்சாரமும் வேண்டாம், ஓட்டுநரும் வேண்டாம். அமெரிக்காவில் பெரும்பாலும் மின் பிரேக். ஓட்டுநர் அருகிலேயே அதற்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஆட்டம் தொடங்கியதும் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாக அழுத்தி வண்டியை நீட்டிப் பிடிக்க முடிவது அதில் உள்ள பெரிய வசதி. அது இல்லாதவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதே வழி. எதிர்த்திசையில் ஒடித்துத் திருத்தப் பார்ப்பது ஆபத்து. வீச்சு போய்த் திரும்ப ஓரிரு நொடிதான். மனிதக் கை அரை நொடி தாமதமாகவே வரும், வந்து ஊஞ்சலை இன்னொரு முறை தள்ளிவிடும்.

இரு கண்டங்களுக்கும் இன்னொரு வேடிக்கையான வேறுபாடு உண்டு. ஐரோப்பியக் கொக்கிப் பந்து 50 மில்லிமீட்டர். அமெரிக்காவின் 2 அங்குலப் பந்து 50.8. இந்த 0.8 மில்லிமீட்டர் போதும், ஒன்றின் மூடி மற்றதில் இறுகிக்கொள்ளவோ தளர்ந்து நிற்கவோ.

இந்த இயற்பியலைச் சட்டமாகவே எழுதிவைத்திருப்பது ஜெர்மனி. அங்கே ஆட்டோபானில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். 100 வேண்டுமென்றால் டிரெய்லரின் டயருக்கு ஆறு வயது தாண்டியிருக்கக் கூடாது. பிரேக்கோ அதிர்வுத் தணிப்பானோ இல்லாத டிரெய்லர் காரின் எடையில் 0.3 பங்குக்குள் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் 1.1 மடங்கு வரை அனுமதி. வேகத்தை விற்கிறார்கள், விலையைத் தணிப்பாகக் கேட்கிறார்கள். பழைய டிரெய்லர் வாங்குகிறவர் இந்தப் பட்டியலையே கையில் எடுத்துக்கொண்டு போகலாம். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவது அபூர்வம்; கொட்டகையில் மாதக்கணக்கில் நின்று வெடிப்பு விட்டே சாகின்றன. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரமும் ஆண்டும் பொய் சொல்லாது.

முன்பாரத்தை அளக்கத் தனிக் கருவி கிடைக்கிறது. குளியலறைத் தராசின் மேல் சரியான உயரத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்து, அதில் கொக்கியை இறக்கினாலும் போதும். காலையில் கிளம்பும்போது எல்லோரும் அளக்கிறார்கள். சிக்கல் மாலையில். காலையில் 80 கிலோ காட்டியிருக்கும். அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் மூக்கில் கட்டியிருந்த 20 லிட்டர் பெட்ரோல் கேன் இப்போது காலி. 11 கிலோ போயிற்று. அழுக்கான மாற்றுச் சக்கரங்கள் நான்கையும் இழுக்கும் வண்டிக்குள் வைக்க மனமில்லாமல் டிரெய்லரின் பின்பகுதியில் போட்டாயிற்று. 80 கிலோ, அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால், ஆகவே 30 போயிற்று. களைப்பில் கார் காலையில் நின்ற இடத்துக்கு அரைச் சாண் பின்னால் நின்றுவிட்டது, இன்னொரு 25. மிச்சம் 14 கிலோ. இருட்டத் தொடங்கிவிட்டது, வீடு நூறு மைல், தராசு காரின் டிக்கியில் அடியில் கிடக்கிறது.