ஆபீஸ் கான்ஃபரன்ஸுக்கு டெல்லி கிளம்புறீங்களா? வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழாமல் இருக்க ஒரு கணக்கு!

உதாரணத்துக்குக் கோவையில் ஒரு வீடு. கணவர், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்குப் போகும் ஒரு மகன், கூடவே மாமியார். பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் மனைவியை, நவம்பர் கடைசி வாரம் டெல்லியில் நடக்கும் 3 நாள் கான்ஃபரன்ஸுக்கு அனுப்புகிறது நிறுவனம். வீடே சந்தோஷப்படுகிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும், கணவர் மட்டும் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்காருகிறார்.

"என்னங்க, எல்லாம் கம்பெனி பாத்துக்குமே. நமக்கு என்ன செலவு?" என்கிறார் மனைவி.

"கம்பெனி பாத்துக்கும். ஆனா, எப்போ பாத்துக்கும்? 5-ம் தேதி வீட்டுக் கடன் இ.எம்.ஐ. இருக்கே!"

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் நிறுவனமே பதிவு செய்துவிட்டாலும், டாக்ஸி, சாப்பாடு, டெபாசிட், சில்லறைச் செலவுகள் எல்லாம் முதலில் ஊழியரின் கையிலிருந்துதான் போகும். பில் கொடுத்து அந்தப் பணம் திரும்பி வர, சில வாரங்கள் ஆகலாம். அதுவரை, ஊழியரின் குடும்பம் நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்த மாதிரிதான். எவ்வளவு கொடுக்கிறோம், எப்போது திரும்பும் என்று தெரிந்து கொடுத்தால் பிரச்னை இல்லை. தெரியாமல் கொடுத்தால்தான் மாத முதல் வாரத்தில் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கும்.

மூன்று பையாகப் பிரியுங்கள்!

பயணச் செலவை மொத்தமாக ஒரே தொகையாகப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதை மூன்று பையாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் பை, நிறுவனமே நேரடியாகக் கட்டுவது. விமான டிக்கெட், ஹோட்டல் வாடகை, கான்ஃபரன்ஸ் பதிவுக் கட்டணம் இதில் வரும்.

இரண்டாவது பை, நாம் கொடுத்துப் பிறகு திரும்ப வாங்குவது. டாக்ஸி, ராத்திரி சாப்பாடு, ஹோட்டல் கேட்கும் டெபாசிட் போன்றவை.

மூன்றாவது பை, நாம் கொடுப்பது, திரும்பவே வராதது. குளிருக்குச் சால்வை, ஊருக்கு வாங்கி வரும் இனிப்பு, ஊர் சுற்றுவது, அம்மா இல்லாத நாள்களில் வீட்டுக்கு வாங்கும் ஓட்டல் டிபன் எல்லாம் இதில்தான்.

கோவை வீட்டு நோட்டில் எழுதிய கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாய் மாலை டெல்லி போய், சனிக்கிழமை திரும்பும் பயணம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர், உங்கள் நிறுவனத்துக்குத் தகுந்தபடி இவை மாறும்.

இரண்டாவது பை:
- கோவையில் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் டாக்ஸி, போக வர: 1,000 ரூபாய்
- டெல்லியில் விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் டாக்ஸி, போக வர: 1,400 ரூபாய்
- ஹோட்டலிலிருந்து அரங்குக்கு 3 நாள் போக வர: 1,800 ரூபாய்
- சாப்பாடு, நாளுக்கு 800 வீதம் 5 நாள்: 4,000 ரூபாய்
- ஹோட்டல் டெபாசிட்: 3,000 ரூபாய்
- மொத்தம்: 11,200 ரூபாய்

மூன்றாவது பை:
- சால்வை, மாஸ்க்: 1,500 ரூபாய்
- இனிப்பு, பரிசுப் பொருள்கள்: 2,000 ரூபாய்
- ஊர் சுற்ற: 500 ரூபாய்
- வீட்டில் கூடுதல் செலவு: 1,200 ரூபாய்
- மொத்தம்: 5,200 ரூபாய்

இரண்டும் சேர்த்து 16,400 ரூபாய். விமானம் தாமதம், உடம்புக்கு முடியாமல் போவது போன்ற அவசரங்களுக்கு 3,600 ரூபாய் ஒதுக்கினால் 20,000 ரூபாய். 'ஒண்ணும் செலவில்லை' என்று நினைத்த பயணத்துக்கு, கையில் இருக்க வேண்டிய தொகை இது. இதில் டெபாசிட் 3,000 ஹோட்டலைக் காலி செய்ததும் திரும்பும். பில் எல்லாம் சரியாக இருந்தால் 8,200 ரூபாய் பிறகு வரும். 5,200 ரூபாய் வரவே வராது. அதைத்தான் அந்த மாத வீட்டு பட்ஜெட்டில் செலவாக எழுத வேண்டும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

கணக்குப் பிரிவிலோ, எச்.ஆரிலோ கேட்க வேண்டியவை இவை. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

1. தருவது தினப்படியா, பில்லுக்கு உரிய தொகையா? தினப்படி என்றால் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் உங்களுக்கு. பில்லுக்குத்தான் பணம் என்றால், குறைவாகச் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பதில் உங்களுக்கு ஒரு ரூபாய் லாபம்கூட இல்லை. வரம்புக்குள் நன்றாகச் சாப்பிடலாம்.

2. ஒரு நாள் வரம்பு எவ்வளவு? அதில் வரியும் சேர்த்தியா? அறையை நீங்களே பதிவு செய்வதாக இருந்தால் இது முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்; அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். வாடகையில் 100 ரூபாய் கூடினாலும் வரி எகிறிவிடும்.

3. எந்தச் செலவுக்குப் பணம் கிடையாது? துணி சலவை, அறையில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜில் எடுக்கும் பானங்கள், மது ஆகியவற்றுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை.

4. பில் கொடுக்கக் கடைசித் தேதி எது? அந்தத் தேதியைத் தவறவிட்டால், பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம்.

5. அட்வான்ஸ் கிடைக்குமா? இதுதான் மிக முக்கியமான கேள்வி. அரசு ஊழியர்களுக்குப் பயண முன்பணம் வாங்க விதியிலேயே இடம் உண்டு. தனியார் நிறுவனங்கள் பலவற்றிலும் கேட்டால் கிடைக்கும். ஆனால் பலர் கேட்பதில்லை.

அட்வான்ஸ் கேட்பது அவமானம் இல்லை!

கையில் 10,000 ரூபாய் புரட்ட முடியாமல், "வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு சார்" என்று சொல்லி கான்ஃபரன்ஸ் வாய்ப்பையே விட்டுவிடும் இளம் ஊழியர்கள் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர், அப்பாவின் மருத்துவச் செலவைச் சுமப்பவர்... இவர்களுக்கு 10,000 என்பது சின்னத் தொகை இல்லை. அவர்களின் மேலாளருக்கோ உண்மைக் காரணம் தெரிவதே இல்லை. 'இவருக்கு ஆர்வம் இல்லை' என்று முடிவு செய்துவிட்டு, அடுத்த முறை வேறொருவரை அனுப்பிவிடுவார்.

காரணம் விளக்கி நீளமாக எழுதத் தேவையில்லை. "டெல்லி பயணத்துக்கு டாக்ஸி, சாப்பாட்டுச் செலவாக 8,200 ரூபாய் மதிப்பிட்டுள்ளேன். இதை முன்பணமாகத் தர இயலுமா? திரும்பி வந்த 3 நாள்களில் பில்களுடன் கணக்கை முடித்துவிடுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பினால் போதும். கணக்கோடு கேட்கும்போது அது உதவி கேட்பதாகத் தெரியாது. பொறுப்பாகத் திட்டமிடுவதாகத்தான் தெரியும். மேலாளராக இருப்பவர்கள், "அட்வான்ஸ் வேணுமா?" என்று தாங்களே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

டெல்லியில் கை கடிக்காமல் இருக்க...

பெரிய கருத்தரங்குகள் பல, பிரகதி மைதானத்தில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட பாரத் மண்டபத்தில் நடக்கின்றன. நீல வழித்தடத்தில் 'சுப்ரீம் கோர்ட்' மெட்ரோ ஸ்டேஷன் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு 'பிரகதி மைதான்' என்று இருந்த ஸ்டேஷன்தான் இது. விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோவில் நியூ டெல்லி ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து மஞ்சள் வழித்தடத்தில் ஒரே ஸ்டாப்பில் ராஜீவ் சௌக் போய், நீல வழித்தடத்துக்கு மாறினால் வந்துவிடலாம். பட்டியலில் அரங்குக்குப் போய்வர எழுதிய 1,800 ரூபாயில், மெட்ரோ வசதியுள்ள ஹோட்டலாக இருந்தால் பெரும்பகுதி மிச்சம். போனில் எடுக்கும் கியூ.ஆர். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் பில்லுக்கும் ஆயிற்று.

ஆனால் ஒரு விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. இரவு நேரத்தில், தெரியாத ஊரில், 200 ரூபாய் மிச்சம் பிடிக்க ஆட்டோ தேடி நடக்க வேண்டாம். பதிவு செய்த டாக்ஸியிலேயே போகலாம். பயண விவரத்தை வீட்டுக்குப் பகிர்ந்துவிட்டு ஏறலாம். அவசர எண் 112. இரவு டாக்ஸிக்கு எனத் தனியாக ஒரு தொகையை பட்ஜெட்டிலேயே எழுதிவிட்டால், அந்த நேரத்தில் மனம் கணக்குப் போடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். காலை டிபன் ஹோட்டல் வாடகையிலேயே சேர்த்தியா, மதியம் அரங்கிலேயே சாப்பாடு உண்டா என்று முன்பே பார்த்துவிட்டால், இரவுச் சாப்பாடுதான் பாக்கி. வட இந்தியச் சாப்பாடு அலுத்தால், அசோகா ரோட்டில் உள்ள ஆந்திர பவன் கேன்டீனின் சாப்பாடு டெல்லிவாசிகளிடையே பிரபலம்.

உணவக பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று தானாகச் சேர்த்திருந்தால், எடுக்கச் சொல்லலாம். அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். ஏ.டி.எம்மில் அடிக்கடி எடுக்க வேண்டாம். டெல்லி போன்ற பெருநகரங்களில் வேறு வங்கியின் ஏ.டி.எம்மில் மாதத்துக்கு 3 முறைதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை கட்டணமும் வரியும் உண்டு.

ஹோட்டல் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுப்பது நல்லது. டெபிட் கார்டு கொடுத்தால், கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கும்; விடுபடச் சில நாள்கள் ஆகலாம். இ.எம்.ஐ. தேதி நெருங்கும் நேரத்தில் இது தேவையில்லாத தலைவலி.

குழுவாகச் சாப்பிடும் ராத்திரி

கான்ஃபரன்ஸ் பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவுதான். "எல்லாரும் சேர்ந்து வெளியே போலாம்" என்று 8 பேர் கிளம்புவார்கள். சூப் மட்டும் குடித்தவரும், மூன்று அயிட்டம் சாப்பிட்டவரும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். உட்காரும்போதே "தனித்தனி பில் போட்டுடலாமா? ஆபீஸ்ல கொடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. ஒரே பில்லில் மதுவும் இருந்தால், கணக்குப் பிரிவு அந்த பில்லையே திருப்பி அனுப்பலாம்.

எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் கொடுத்தால், அன்றிரவே யு.பி.ஐ-யில் வசூலித்துவிடுவது நல்லது. ஊர் திரும்பிய பிறகு கேட்கவே கூச்சமாக இருக்கும்.

பில்லே பணம்!

பல கடைகளில் தரும் வழவழப்பான பில், சில வாரங்களில் வெளுத்துவிடும். ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் 5 நிமிடம் ஒதுக்கி, அன்றைய பில்களைப் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு, பக்கத்தில் எதற்கு என்று ஒரு வரி எழுதிவிடலாம். நிறுவனத்தின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் வேண்டுமென்றால், அதை ஹோட்டலில் செக்-இன் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

தினப்படி வாங்குகிறவர்களும் பில்லைத் தூக்கிப் போட வேண்டாம். பணிப் பயணத்துக்கான தினப்படிக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால், அந்தப் பயணத்தில் உண்மையில் செலவான அளவுக்குத்தான். கேள்வி வந்தால் காட்ட பில் வேண்டும்.

அரங்கில் பை பையாகத் தரும் கேட்லாக்குகளையும் அப்படியே சுமக்க வேண்டாம். தேவையான பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டால், திரும்பும்போது கூடுதல் லக்கேஜ் கட்டணம் மிச்சம்.

வெறுங்கையோடு வரலாமா?

நம் வீடுகளில் டெல்லி போய்விட்டு வெறுங்கையோடு வருவது நடக்காது. அதனால், 'எதுவும் வாங்க மாட்டேன்' என்று சபதம் எடுப்பதைவிட, தொகையையும் ஆள்களையும் எழுதிவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. மாமியாருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒரு டப்பா இனிப்பு. அவ்வளவுதான். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு ஜன்பத், சரோஜினி நகர் கடைகள். சரோஜினி நகருக்குத் திங்கள் விடுமுறை. பேரம் வராதவர்கள் பாபா கரக் சிங் மார்க்கில் உள்ள மாநில அரசுகளின் கைவினைப் பொருள் கடைகளுக்குப் போகலாம். அங்கே ஒரே விலைதான்.

கோவை வீட்டுக்கு வருவோம். நோட்டைப் பார்த்த மனைவி, மறுநாளே 8,200 ரூபாய்க்கு அட்வான்ஸ் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறார். அது கிடைத்துவிட்டால், வீட்டிலிருந்து எடுக்க வேண்டியது 11,800 ரூபாய். அதிலும் டெபாசிட் 3,000 திரும்பிவிடும். அவசரத்துக்கு வைத்த 3,600 செலவாகவில்லை என்றால் அப்படியே இருக்கும். டிசம்பர் 5-ம் தேதி இ.எம்.ஐ-க்கு எந்தச் சிக்கலும் இல்லை.

"இப்போ நிம்மதியா போயிட்டு வா" என்று நோட்டை மூடுகிறார் கணவர்.

"அந்த 500 ரூபாய்ல செங்கோட்டையையும் பார்த்துட்டு வந்துடறேன்" என்கிறார் மனைவி.