உஷார்! ஏசி ஓட வண்டிக்குள் தூங்காதீர்கள்

வார இறுதியில் வண்டிகளோடு ஓரிடத்தில் கூடி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, வண்டிக்குள்ளேயே ராத்தங்கும் கேம்ப் ஆசை நம் வடசென்னைப் பிள்ளைகளையும் பிடித்துவிட்டது. ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடிக்கிறார்கள். டெம்போ டிராவலருக்குள் மெத்தை விரிக்கிறார்கள். பழவேற்காடு, ஏலகிரி, ஏற்காடு என்று பத்து வண்டி, இருபது வண்டியாகக் கிளம்புகிறார்கள். போகட்டும், நாலு இடம் பார்க்கட்டும். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டுமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்: ராத்திரி ஏசி எதில் ஓடப்போகிறது? இன்ஜினில் என்றாலும் சரி, ஜெனரேட்டரில் என்றாலும் சரி, அந்த வண்டிக்குள் ஒருவரும் தூங்கக் கூடாது. பக்கத்து வண்டியில் அது ஓடிக்கொண்டிருந்தாலும் தூங்கக் கூடாது.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி கேரளத்தின் வடகரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் கரிம்பனப்பாலத்தில் ஒரு கேரவன் முந்தின நாளிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. போவோர் வருவோருக்கு அது ஓய்வுக்காக நிறுத்திய வண்டி. நெடுநேரம் அசையாமல் நிற்கிறதே என்று சந்தேகம் வந்து பார்த்தபோது உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் வாசல் படிக்கட்டில். கதவுக்கும் அவருக்கும் ஓரடி தூரம்கூட இருந்திருக்காது. கை நீட்டித் திறந்திருந்தால் பிழைத்திருப்பார். அந்தக் கையை நீட்டும் சக்தியைத்தான் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு முதலில் எடுத்துக்கொள்கிறது. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் நுழைந்து, இரண்டே மணி நேரத்தில் 957 பி.பி.எம். அளவுக்கு ஏறியிருந்தது.

957 என்றால் எவ்வளவு என்பது மணலியிலும் எண்ணூரிலும் ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு உடனே உறைக்கும். எட்டு மணி நேர வேலைக்கு 50 பி.பி.எம். என்பதுதான் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை வைத்திருந்த வரம்பு. அதைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு, நாலு சுவருக்குள், தூங்குகிறவனின் மூக்கு மட்டத்தில். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு சீராக வந்து போய்க்கொண்டேயிருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேராது. திணறல் வந்தால் திடுக்கிட்டு எழுந்துவிடலாம். இதில் திணறலே வராது.

நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. நம் பகுதிக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் மூக்கை நம்பிப் பிழைக்கிறவர்கள். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி, நள்ளிரவை நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பத்துக் கரையை ஒட்டி, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, நெஞ்சு இறுகி ஜனங்கள் எழுந்தார்கள். பெரியகுப்பம், சின்னகுப்பம், சுற்றியிருந்த நகர்கள் எல்லாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடின. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் முதலில் சேதி சொன்னது வாசம்தான். அமோனியா கொடுமையானது, ஆனால் அது நம்மை எழுப்பியது. கார்பன் மோனாக்சைடு எழுப்பாது. ‘ஏதாவது கசிந்தால் எனக்குத் தெரியாமலா போகும்’ என்று எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன் நினைப்பது இயல்பு. அந்த நினைப்போடு வண்டிக் கதவைச் சாத்திக்கொள்வதைத்தான் நான் பயந்து எழுதுகிறேன்.

தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போகும்போது இந்த ஆபத்து கூடுகிறது. கூட்டம் பாதுகாப்பு என்றுதான் வீட்டிலும் சொல்லி அனுப்புகிறார்கள். திருட்டுக்கும் வழிப்பறிக்கும் அது சரி. ஆனால் கேம்ப் இடத்தில் வண்டிகளை எப்படி நிறுத்துகிறார்கள்? நடுவில் உட்காரவும் பாடவும் இடம் வேண்டுமென்று வட்டமாக, ஒன்றையொன்று ஒட்டி. உங்கள் வண்டியின் ஜெனரேட்டர் அணைந்திருக்கலாம்; அடுத்த வண்டிக்காரர் குழந்தைக்கு வியர்க்கிறதே என்று தன்னுடையதை ஓடவிட்டிருப்பார். அதன் புகைக்குழாய் உங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையில் தூக்கிப்போகிற ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், நூற்றுக்கணக்கான கார்கள் விடுகிற அளவுக்கு இந்த வாயுவை விடக்கூடியது. அதன் வாயில் கார்களுக்கு இருப்பதுபோல் வடிகட்டும் கருவி எதுவும் கிடையாது. விடியற்காலைக்கு முன் காற்று அசையாமல் நின்றுபோகும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் புகை கலைந்து போக வழியே இல்லை. எல்லோரும் ஆழ்ந்து தூங்குவதும் அதே நேரத்தில்தான்.

‘என்னுடையது புது வண்டி, பி.எஸ்.-6, புகையே வராது’ என்பவர்களுக்கும் சொல்கிறேன். குறைவாக வரும், வராமல் இருக்காது. அதோடு நம் ஊர் உப்புக்காற்றை மறக்காதீர்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடலுக்கு எதிரே வண்டி நிறுத்துகிறவர்கள் மெக்கானிக்கிடம் கேட்டால் சொல்வார்: சைலன்சர் மற்ற இடங்களைவிட இங்கே சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும். ஓட்டை வழியாக வரும் புகை வண்டியின் பின்னால் போகாது, அடியிலேயே பரவும். தரையில் போட்ட ஒயருக்காகத் துளை போட்டிருப்பீர்கள், கட்டில் கட்டும்போது அடிச்சட்டத்தில் ஆணி இறக்கியிருப்பீர்கள். புகைக்கு அது போதும். கேம்புக்குக் கிளம்புமுன் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சைலன்சரை முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடற்கரை மணலில் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. எண்ணூர் முகத்துவாரப் பக்கம் சூரிய உதயம் பார்க்க வண்டியை மணலில் இறக்குகிறார்கள், பின்சக்கரம் புதைகிறது. புதைந்த வண்டியின் புகைக்குழாய் வாய் மணலுக்குள் போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஏசியைப் போட்டுப் படுத்தால், வெளியேற வழியில்லாத புகை அடிவழியாக உள்ளே வரும். பனி விழும் நாடுகளில் புகைக்குழாயைப் பனி மூடி இப்படிச் செத்தவர்கள் பலர். நமக்குப் பனியின் இடத்தில் மணல்.

ஏன் இத்தனை பேர் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். கொசு. கழிவெளி, உப்பங்கழி, ஏரிக்கரை என்று நாம் போகிற இடமெல்லாம் கொசு. ஆகவே ‘ஏசி போடாதே’ என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வழி இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக கேட்டுக்காக வரிசையில் கிடக்கும் கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர்களைப் பாருங்கள். வண்டிக்குள் தூங்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. இன்ஜினை அணைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி, கொசுவலையோ துணியோ கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். சிலர் வண்டிக்கு அடியில் தூளி கட்டிக்கொள்வார்கள். டீசல் விலைதான் முதல் காரணமாக இருக்கட்டும், அந்தப் பழக்கம் அவர்கள் உயிரையும் காக்கிறது. நீங்களும் ஜன்னல் அளவுக்கு வலை தைத்துக் காந்தப் பட்டையால் ஒட்டிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஃபேன் தனி பேட்டரியில் இரவெல்லாம் ஓடும். ஏசி இல்லாமல் முடியவே முடியாது என்றால், கரண்ட் பாயின்ட் உள்ள இடமாகப் பார்த்துக் கேம்ப் போடுங்கள்.

அடுப்புக்கும் இதே கணக்குதான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குத் திருச்சியிலிருந்து போனவர்களில் இரண்டு பேர், இறைச்சி சுட்ட பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவேயில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில் ஒரே அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்த கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் எட்டு பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். தணல் அணைந்ததுபோல் சாம்பல் பூத்துத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ஏலகிரிக் குளிருக்காகக் கரியடுப்பை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்து வைக்காதீர்கள். சிலிண்டரைப் பற்றி மதுரை ஒன்றே போதும்: 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, லக்னோவிலிருந்து வந்து மதுரையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, வண்டித் தரையிலேயே தேங்கும். அடுப்பும் சிலிண்டரும் வெளியே, படுக்கை உள்ளே. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

உடம்பு எச்சரிக்கை தருமா? தரும், ஆனால் வேறு வேஷத்தில் வரும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் துவளுதல். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன் அதை அலைச்சல் என்பான், குடித்தவன் போதை என்பான், மீன் தின்றவன் மீன் சரியில்லை என்பான். ஒரே வண்டியில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே வந்து நின்றதும் குறைந்தால், அது அலைச்சல் இல்லை. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இதய நோயாளிகளையும் மற்றவர்களுக்கு முன்னால் தாக்கும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து ‘98 காட்டுகிறது, பயமில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது. செத்துக்கொண்டிருப்பவனுக்கும் நல்ல எண்ணையே காட்டும்.

இதற்கென்றே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. வண்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கருக்கும் கூரை லைட்டுக்கும் செலவழிப்பவர்கள் முதலில் இதை வாங்க வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். கேம்ப் நடத்துகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதுபோல் இதையும் கேளுங்கள்: ஜெனரேட்டர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா? படுக்கும் வண்டிகளிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, காற்று போகும் பக்கம், புகைவாய் வெளியே பார்க்க வைத்திருக்கிறீர்களா? எத்தனை மணிக்கு எல்லாவற்றையும் அணைப்பீர்கள்? ராத்திரி சுற்றிவந்து பார்க்க ஆள் உண்டா? பதில் வராத இடத்தில் பகலெல்லாம் இருந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எண்ணூர்க் கரையிலேயே தங்குவதாக இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று படுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டியின் மூக்கைச் சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். அமோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக வெளியேறுங்கள். தண்ணீரில் கரைகிற வாயு அது, அதனால் ஈரத்துணி கொஞ்ச நேரம் கைகொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு ஈரத்துணி எந்தப் பயனும் தராது.

வண்டிக்குள் யாராவது தட்டியும் எழாமல் கிடந்தால் அவசரப்பட்டு உள்ளே தாவாதீர்கள். வெளியிலிருந்தே எல்லாக் கதவுகளையும் திறங்கள், திறக்காவிட்டால் கண்ணாடியை உடையுங்கள். இன்ஜினையும் ஜெனரேட்டரையும் அணையுங்கள், பக்கத்து வண்டியினுடையதையும் சேர்த்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை வெளியே இழுத்துத் திறந்த காற்றில் கிடத்துங்கள். மூச்சு இல்லையென்றால், நெஞ்சில் அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். 108-க்குப் பேசும்போதும், ஸ்டான்லியிலோ வேறு ஆஸ்பத்திரியிலோ இறக்கும்போதும், ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘மூடிய வண்டியில் ஜெனரேட்டர் ஓடியது, கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், ரத்தத்தில் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். ஆக்சிஜனை முழு அளவில் உடனே தொடங்க அந்த ஒரு தகவல் டாக்டருக்கு வேண்டும். அதே வண்டியில் படுத்திருந்து, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எழுந்து நடப்பவரையும் விடாமல் கூடவே அழைத்துப் போங்கள்.